நதி வளைவில் ஒரு ஜனம்



ஜெர்மனி தேசத்தின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் 1727-ஆம் ஆண்டு உண்டான எழுப்புதலைக் குறித்து நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு மேல் இரவும் பகலும் தொடர்ந்ததாகச் சொல்லப்படும் அந்த ஜெபச் சங்கிலியை நானும் பலமுறை பிரசங்க மேடையில் உதாரணமாக எடுத்துக் கூறியிருக்கிறேன். ஆனால் அந்த ஜெபத்திலிருந்து புறப்பட்ட மிஷனெரிகள் எந்த ஜனத்தாரிடம் சென்றார்கள், அந்த ஜனத்தாருக்கு என்ன நேரிட்டது, அவர்களுடைய சந்ததியார் இன்று எங்கே வாழ்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் பயின்ற நாட்களில் நானும் கேட்கவில்லை. மிஷனெரியின் பெயரை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். ஜனத்தின் பெயரை விட்டுவிட்டோம்.

அப்படி விடப்பட்ட ஒரு ஜனத்தைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன். கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில், தேம்ஸ் என்னும் நதியின் தென்கரையில், ஏறக்குறைய 13 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு சிறு நிலம் இருக்கிறது. பூர்வகுடி மக்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய இத்தகைய நிலத்தை அங்கே ‘ரிசர்வ்’ என்று அழைக்கிறார்கள். வெளியார் இந்த ஊருக்கு இட்ட பெயர் மொரேவியன்டவுன். ஊராரோ தங்கள் மொழியில் ‘நாஹீ’ என்கிறார்கள். ‘நதியின் கீழ்ப்புறம்’ என்பது அதன் பொருள். இவர்கள் லெனாப்பே ஜனத்தார். டெலவர் என்பது இவர்களுக்குப் பிறர் இட்ட பெயர்.

அவர்கள் இழந்த தேசம்

நாம் பள்ளிப் புத்தகங்களில் ‘செவ்விந்தியர்’ என்று படித்த பல நூறு ஜனங்களில் லெனாப்பேயரும் ஒருவர். அவர்களுடைய பூர்வீகம் கனடா அன்று. டெலவர் நதியின் பள்ளத்தாக்கும் ஹட்சன் நதியின் கீழ்ப்பகுதியும், அதாவது இன்றைய நியூஜெர்சி மாநிலமும், பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியும், நியூயார்க் நகரம் நிற்கிற மண்ணும் அவர்களுடைய தேசமாயிருந்தன. மன்ஹாட்டன் என்னும் உலகப் புகழ்பெற்ற பெயர்கூட அவர்களுடைய மொழியிலிருந்து பிறந்ததே. வில் செய்வதற்கு மரம் எடுக்கும் இடம் என்று மொழியறிஞர் அதற்குப் பொருள் கூறுகின்றனர். நம் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று நியூஜெர்சியில் பணிபுரிகிறார்கள் அல்லவா? அவர்கள் நடக்கும் வீதிகளின் கீழே இருப்பது லெனாப்பேயரின் மண்.

1626-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் 60 கில்டர் மதிப்புள்ள பொருட்களைக் கொடுத்து மன்ஹாட்டன் தீவை வாங்கியதாக எழுதி வைத்தார்கள். நிலத்தை ஒரேயடியாக விற்பது என்ற எண்ணமே லெனாப்பேயரிடம் இல்லை. வந்தவரோடு நிலத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவது என்றே அவர்கள் அதை எண்ணியிருப்பார்கள் என்பது சரித்திர ஆசிரியர் பலருடைய கருத்து. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். வர்ஜீனியாவின் ஆளுநராயிருந்த டி லா வார் பிரபுவின் பெயரை நதிக்கு இட்டார்கள். நதியின் பெயர் ஜனத்தின்மேலும் ஒட்டிக்கொண்டது.

1737-ஆம் ஆண்டில் நடந்ததை வாசிக்கும்போது நாபோத்தின் திராட்சத்தோட்டம் நினைவுக்கு வருகிறது. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தூரம் வரையிலான நிலத்தை உங்கள் முன்னோர் எங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லி, பென்சில்வேனியாவின் ஆட்சியாளர்கள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார்கள். லெனாப்பேயர் சாதாரண நடையை நினைத்துச் சம்மதித்தார்கள். ஆட்சியாளர்களோ முன்னதாகவே காட்டில் பாதை வெட்டி, வேகமாக ஓடக்கூடிய மூன்று பேரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்களில் ஒருவன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம் சென்றான். இவ்வாறு சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிபோனது. எழுத்தும் முத்திரையும் இருந்தன, நீதி இல்லை.

ஜெபித்தவர்களும் துரத்தப்பட்டவர்களும்

இந்த நெருக்கத்தின் காலத்தில்தான் மொரேவியச் சகோதரர்கள் அவர்களிடம் வந்தார்கள். 1741-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்னும் ஊரை ஸ்தாபித்து, அங்கிருந்து பூர்வகுடி மக்களுக்குள் ஊழியம் செய்தார்கள். இதே சகோதரர்கள் 1760-ஆம் ஆண்டு நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். ஊருக்கு வெளியே ‘சகோதரர் தோட்டம்’ என்று ஒரு குடியிருப்பை அமைத்து, பல ஆண்டுகள் அங்கே தங்கியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முயற்சி முடிவுக்கு வந்தது. ஆகவே நம்முடைய கடற்கரையும் அந்தத் தேம்ஸ் நதிக்கரையும் ஒரே ஜெப வீட்டிலிருந்து புறப்பட்டவர்களின் காலடிபட்ட இடங்களே.

லெனாப்பேயரிடம் சென்றவர்களில் டேவிட் ஸைஸ்பெர்கர் முக்கியமானவர். 1721-இல் பிறந்து 1808-இல் மரித்த அவர், தம் வாழ்நாளில் 60 ஆண்டுகளுக்கு மேல் பூர்வகுடி மக்களோடு கழித்தார். அவர்களுடைய மொழியைக் கற்று, 1776-இல் டெலவர் மொழியில் எழுத்துப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். 1772-இல் ஒஹாயோ பகுதியில் ஷோன்பிரன், க்னாடன்ஹட்டன் என்னும் கிறிஸ்தவ கிராமங்கள் உருவாயின. யுத்தத்துக்குப் போக விரும்புகிறவன் எங்களோடு வாசம்பண்ணக்கூடாது என்பதும் அவர்களுடைய ஊர்ச் சட்டங்களில் ஒன்றாயிற்று.

ஆனால் சுற்றிலும் யுத்தம் நடந்தது. அமெரிக்கக் குடியேறிகளும் பிரிட்டிஷாரும் போரிட்ட காலம் அது. யார் பக்கமும் சேராத இந்த ஜனத்தை இரு பக்கத்தாரும் சந்தேகித்தார்கள். 1781-இல் பிரிட்டிஷாரோடு சேர்ந்திருந்த பூர்வகுடி வீரர்கள் இவர்களைக் கட்டாயமாக வடக்கே சான்டஸ்கி பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். குளிர்காலத்தில் அங்கே உணவில்லை. அறுக்காமல் விட்டுவந்த சோளத்தைச் சேகரிப்பதற்காக, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தார் பழைய கிராமங்களுக்குத் திரும்பினார்கள்.

அங்கே பென்சில்வேனியாவின் குடிப்படையினர் வந்து சேர்ந்தார்கள். முதலில் நண்பர்களைப் போலப் பேசி, பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி, அவர்களுடைய ஆயுதங்களை வாங்கிக்கொண்டார்கள். பின்பு எல்லாரையும் கட்டினார்கள். எல்லைப்புறக் குடியேறிகளைத் தாக்கியவர்கள் நீங்களே என்று குற்றஞ்சாட்டி, அவர்களைக் கொல்வதா என்று தங்களுக்குள்ளே வாக்கெடுத்தார்கள். சிலர் அந்தப் பாவத்துக்கு உடன்பட மறுத்தார்கள், பெரும்பாலோர் உடன்பட்டார்கள். தங்கள் மரணத்தை அறிந்த அந்த விசுவாசிகள் இரவெல்லாம் ஜெபித்தும் பாடியும் ஒருவரையொருவர் தேற்றியும் விடியலுக்குக் காத்திருந்தார்கள். 1782-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி 96 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். இரண்டு சிறுவர்கள் மாத்திரம் தப்பினார்கள்.

பிரியமானவர்களே, கொன்றவர்களும் கிறிஸ்தவ நாமம் தரித்தவர்களே. அவர்களுடைய வீடுகளிலும் வேதப்புத்தகம் இருந்தது. இதைச் சொல்லாமல் மிஷனெரி சரித்திரத்தைச் சொல்வது பாதி உண்மை. சாட்சியாய் மரித்த அந்த 96 பேரைக் குறித்து நம் பிரசங்கங்களில் ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

நதியும் மரங்களும்

மீந்தவர்கள் பத்து ஆண்டுகள் அலைந்தார்கள். மிச்சிகன், கயஹோகா நதிக்கரை, ஈரி ஏரியின் தென்கரை, டெட்ராய்ட் நதியின் முகத்துவாரம் என்று இடம் மாறி மாறிக் கூடாரமடித்தார்கள். இறுதியாக 1792-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் தேம்ஸ் நதியின் வடகரையில் வந்து இறங்கினார்கள். அந்த இடத்துக்கு ஃபேர்ஃபீல்டு, அதாவது ‘அழகிய வயல்’ என்று பெயரிட்டார்கள். காட்டைத் திருத்தி, மரத்தண்டுகளை அடுக்கி வீடுகள் கட்டி, ஆலயமும் பள்ளியும் எழுப்பினார்கள்.

இந்த நதிக்கும் பெயர்கள் பல. முன்பே அங்கே வாழ்ந்த ஒஜிப்வே மக்கள் அதைக் கொம்புகளையுடைய நதி என்றார்கள். மான் கொம்பைப் போல அது கிளைத்திருப்பதே காரணம். பிரெஞ்சுக்காரர் வேறு பெயர் வைத்தார்கள். ஆங்கிலேய ஆளுநர் சிம்கோ தம் தேசத்து நதியின் பெயரை அதற்கு இட்டார். 273 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நதி களிமண் சமவெளியில் மெதுவாய் வளைந்து வளைந்து ஓடி செயின்ட் கிளேர் ஏரியில் கலக்கிறது. அதன் தண்ணீர் தெளிவாயிராது. மண்ணைச் சுமந்து பழுப்பாய் வரும். பனி உருகும் காலத்தில் கரை மீறும். வெள்ளம் விட்டுப்போகும் வண்டலே வயலுக்கு உரம். சோளத்தையும் அவரையையும் பூசணியையும் ஒரே குழியில் சேர்த்துப் பயிரிடுவது பெண்களின் கலை. சோளத்தண்டில் அவரைக்கொடி ஏறும்; பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும்; அவரையின் வேர் மண்ணுக்கு வளம் சேர்க்கும்.

கனடாவின் தென்கோடியாகிய அப்பகுதி இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே இருப்பதால், அங்கே குளிர் சற்றுக் குறைவு. ஆகவே வடக்கே வேறெங்கும் வளராத துலிப் மரம், சாசஃப்ராஸ், சிக்கமோர், கருப்பு வால்நட் முதலிய மரங்கள் அங்கே வளருகின்றன. இவையெல்லாம் டெலவர் நதிக்கரையில் லெனாப்பேயரின் முன்னோர் அறிந்திருந்த மரங்களே. எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் துரத்தப்பட்டவர்கள், தங்கள் பாட்டன்மார் பெயர் சொல்லி அழைத்த அதே மரங்களின் நிழலில் வந்து தங்கினார்கள். தேவன் தம் ஜனத்துக்கு வனாந்தரத்திலும் இளைப்பாறும் இடங்களை வைக்கிறார் என்பதை இதில் நான் காண்கிறேன்.

லெனாப்பேயர் தங்கள் வம்சங்களை ஆமை, ஓநாய், வான்கோழி என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த மூன்றுக்கும் அந்த மண்ணில் நேர்ந்ததைக் கவனியுங்கள். தேம்ஸ் நதியில் வாழும் மெல்லோட்டு ஆமை இன்று அழியும் ஆபத்திலுள்ளது. ஓநாய் அந்த வயல்வெளிகளிலிருந்து போய்விட்டது. காட்டு வான்கோழி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்டாரியோவிலிருந்து அடியோடு மறைந்தது. 1984-இல் தொடங்கி மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது, இப்பொழுது திரளாய்ப் பெருகியிருக்கிறது. கூடை முடைவதற்கு அவர்கள் கருப்பு ஆஷ் மரத்தை அடித்து, நார்ப்பட்டைகளாகப் பிரித்தெடுப்பார்கள். ஆனால் 2002-இல் ஒன்டாரியோவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களை லட்சக்கணக்கில் கொன்றுவிட்டது. மரம் போனால் கூடையும், கூடையோடு கைப்பழக்கமும் போகும்.

தீயும் பத்திரமும்

ஃபேர்ஃபீல்டு 21 ஆண்டுகள் நின்றது. 1813-ஆம் ஆண்டு அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் மறுபடியும் போரிட்டபோது, பின்வாங்கி ஓடிய பிரிட்டிஷ் படை இந்த ஊருக்கு அருகே அக்டோபர் 5-ஆம் தேதி முறியடிக்கப்பட்டது. பூர்வகுடிகளின் பெருந்தலைவரான டெகும்சே அங்கே மாண்டார். வெற்றிபெற்ற அமெரிக்கப் படையினர் போரில் சேராத அந்தக் கிறிஸ்தவ கிராமத்தைக் கொள்ளையிட்டு எரித்தார்கள். ஊரார் குளிர்காலத்தின் வாசலில் கிழக்கே ஓடி, ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையருகே அகதிகளாய்த் தங்கினார்கள்.

ஆகிலும் 1815-இல் திரும்பி வந்தார்கள். சாம்பலான கரையை விட்டு, எதிர்க்கரையில் புதிய ஃபேர்ஃபீல்டைக் கட்டினார்கள். இன்றைய ஊர் அதுவே. அவர்களோடு அகதியாய் அலைந்த டெங்கி என்னும் மிஷனெரி, அப்போஸ்தலனாகிய யோவானின் நிருபங்களை டெலவர் மொழியில் பெயர்த்தார்; அது 1818-இல் நியூயார்க்கில் அச்சிடப்பட்டது. ஊரே எரிக்கப்பட்ட ஒரு ஜனத்தின் கையில், சகோதர அன்பைக் குறித்த நிருபங்கள் அவர்களுடைய சொந்த மொழியில் வந்து சேர்ந்தன. 1848-இல் கட்டப்பட்ட ஆலயம் அந்த நாட்களின் சாட்சியாய் நின்றது. எரிந்துபோன பழைய ஊரின் அடித்தளங்களை 1940-களில் ஆராய்ச்சியாளர்கள் தோண்டி வெளிப்படுத்தினார்கள்.

தீ செய்யாததைப் பத்திரங்கள் செய்தன. தொடக்கத்தில் ஏறக்குறைய 50,000 ஏக்கர் நிலம் அவர்களுக்கென்று அளக்கப்பட்டிருந்தது. 1836-இலும் 1857-இலும் பெரும்பகுதி அரசாங்கத்தின் கைக்குப் போனது. நிலம் சுருங்குவதைக் கண்டு மனமடிந்த ஒரு பெருங்கூட்டத்தார் 1837-இல் கான்சாஸ் பகுதிக்குப் புறப்பட்டுப் போனார்கள். மீந்தவர்களுக்கு இன்று இருப்பது சுமார் 3,000 ஏக்கர். லெனாப்பே ஜனத்தார் இப்பொழுது ஒக்லஹோமா, விஸ்கான்சின், ஒன்டாரியோ என்று சிதறி வாழ்கிறார்கள். பூர்வீக நதிக்கரையில் அவர்களுக்கென்று ஒரு ரிசர்வ்கூட இல்லை.

மௌனமான நாவு

வாசகர்களே, கொலையும் தீயும் நிலப்பறிப்பும் இந்த ஜனத்தைக் கலைத்தன. ஆனால் அவர்களுடைய நாவை அடக்கவில்லை. பத்து ஆண்டு அலைச்சலிலும் குழந்தைகள் தாயின் மொழியிலேயே பேசின. டெலவர் மொழியில் கீர்த்தனைகளைக் கொண்ட புத்தகம் 1803-இல் அச்சானது. லெனாப்பேயருக்கு மன்சி, உனாமி என்று இரண்டு சகோதர மொழிகள் உண்டு. நாஹீயில் நிலைத்தது மன்சி.

அந்த மொழியை அடக்கியது பள்ளிக்கூடம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப்பள்ளிகளில் அடைத்தார்கள். பெரும்பாலான பள்ளிகளை நடத்தியவை கிறிஸ்தவ சபைகள். தாய்மொழி பேசின பிள்ளை அடி வாங்கியது. நதியின் மேற்புறத்தில் மெதடிஸ்ட் சபையார் தொடங்கிய மவுன்ட் எல்ஜின் பள்ளி 1946 வரை நடந்தது. அப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து திரும்பியவர்களில் பலர், தாங்கள் பட்ட அடியைத் தங்கள் பிள்ளைகள் படக்கூடாது என்று வீட்டில் ஆங்கிலமே பேசினார்கள். அன்பினாலேயே அப்படிச் செய்தார்கள். ஆனால் இரண்டு தலைமுறைக்குள் மொழி முதியோரின் நாவில் மாத்திரம் தங்கியது. 1998-இல் கனடாவின் ஐக்கிய சபையும், 2008-இல் கனடா அரசாங்கமும் இந்தப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டன.

மிஷனெரிகளையும் நாம் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஜனத்தின் மொழியை எழுத்தில் வடித்தார்கள். அதே கையினால் ஜனத்தின் ஆட்டங்களையும் பண்டிகைகளையும் விலக்கினார்கள். எது விக்கிரகம், எது முன்னோரின் நினைவு என்று வந்தவரே தீர்ப்புச் செய்தார். கேட்டறிய அவர் பொறுமையோடு காத்திருக்கவில்லை. ஊழியம் செய்கிற நாமும் இதைச் சிந்திக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் மன்சி மொழியைச் சரளமாய்ப் பேசத்தக்கவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு, எல்லாரும் முதியவர்கள். 1996-இல் ஜான் ஓமியாரா என்னும் மொழியறிஞர், இந்த ஊர் முதியோர் சொல்லக் கேட்டுச் சேகரித்த சொற்களைப் பெரிய அகராதியாக வெளியிட்டார். 2018-ஆம் ஆண்டளவில் தாய்மொழியாய்ப் பேசுவோர் இருவரே என்று கணக்கிடப்பட்டது. ஒருவருக்கு வயது 77, மற்றவருக்கு 90.

இத்துடன் கதை முடியவில்லை. முதியோரிடம் மாணவர்களாய் உட்கார்ந்த சிலர் ஆசிரியர்களானார்கள். மேற்புறத்து மன்சி ஊரிலும், விஸ்கான்சினில் வாழும் உறவினரிடத்திலும் வகுப்புகள் நடந்து வருகின்றன. ‘அனுஷீக்’ என்று நன்றி சொல்லக் குழந்தைகள் கற்கிறார்கள். வெளியார் இட்ட பெயரை விட்டு, ‘ஈலூனாபேவீ லாகேவீட்’ என்று தங்கள் மொழியிலேயே ஊர்ப்பெயரை எழுதுகிறார்கள். வயது வந்தபின் தாய்மொழியைப் பாடமாய்ப் படிப்பது எளிதன்று. ஒரு வினைச்சொல்லைச் சரியாய்ச் சொல்ல மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். மறைந்த வான்கோழி மீண்டும் அந்த வயல்களில் நடமாடுவதை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு கேள்வி

வேலைக்காகவும் பிழைப்புக்காகவும் ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள் நாம். எவரும் நம்மைத் துரத்தவில்லை. ஆகவே அவர்களுடைய பாடுகளோடு நம்மை ஒப்பிடுவது தகாது. ஆயினும் ஒரு காரியத்தில் அவர்கள் நமக்குப் போதகர்கள். ஊர் எரிந்தபின் 1815-இல் அவர்கள் திரும்பக் கட்டினார்கள். வீட்டில் பேச்சு நின்றபின் திரும்பக் கட்டுவதோ அதைவிடக் கடினம் என்பதை அவர்களே இன்று சொல்லக்கூடும்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் உங்கள் பிள்ளை எந்த மொழியில் ஜெபிக்கிறது என்று கவனியுங்கள். கடிந்துகொள்ள வேண்டாம். கவனித்தபின், உங்கள் பாட்டி ஜெபித்த வார்த்தைகளில் ஒன்றையாவது அதற்குச் சொல்லிக் கொடுங்கள். அப்படியே தேம்ஸ் நதி வளைவில் வாழும் அந்தச் சிறு ஜனத்தையும், மாலைதோறும் அகராதியைத் திறந்து உட்காரும் அவர்களுடைய மாணவர்களையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் சகல பாஷைக்காரருடைய ஜெபத்தையும் கேட்கிறவர். மன்சி மொழியில் ஏறெடுக்கப்படும் ஜெபம் இன்னும் பல தலைமுறைகள் அவருடைய சமுகத்தில் எட்டுவதாக. ஆமென்.